அறை சிறிதாயினும் கடல் பெரிது

பணி ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவர், மும்பையிலிருந்து கோவா செல்லும் சொகுசுக் கப்பலில் பால்கனி அறை பெறுவதற்காகத் தம் வைப்புநிதியை முதிர்வுக்கு முன்பே முடித்துக்கொள்ள வந்தார். “அறையில் எவ்வளவு நேரம் இருப்பீர்கள் ஐயா?” என்று கேட்டேன். “உறங்கும் நேரம்தான்” என்றார்.

உறக்கத்திற்கு அத்தனை விலை தேவையில்லை என்பதே என் கருத்து. சாளரமற்ற உள்ளறையே விலை குறைந்தது. கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்து அறைகளில் ஆட்டம் குறைவு. குமட்டலுக்கு அஞ்சுவோர்க்கு அவையே ஏற்றவை. நடன அரங்கிற்கு நேர்கீழே உள்ள அறையைத் தவிர்ப்பது நன்று. தளவரைபடத்தைப் பாராமல் முன்பதிவு செய்யலாகாது. மது, இணையம், கரைச்சுற்றுலா ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு. அதற்கும் தொகை ஒதுக்க வேண்டும். அறையை விட்டு அதிகம் வெளிவர இயலாத முதியோர்க்கு மட்டும் பால்கனி ஆடம்பரமன்று.

அவர் வைப்புநிதியைத் தொடவில்லை. கைச்சேமிப்பிலேயே உள்ளறையில் சென்று திரும்பினார். மாலையில் கதிரவன் கடலில் மறைவதை மேல்தளத்தில் நின்று இருவரும் கண்டதாகக் கூறினார். அந்தக் காட்சிக்கு எந்த அறையினரும் தனிக் கட்டணம் செலுத்துவதில்லை.