பின் கண்ணாடிக்கு எதற்கு வைப்பர்?

"மழை பெய்தால் எங்க ஸ்விஃப்ட் காரின் பின் கண்ணாடி ஒரே சேறாகிடுது. நாத்தனார் வீட்டு டிசையருக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஏங்க்கா?" என்று கேட்டாள் எதிர் வீட்டுப் பெண். நல்ல கேள்விதான்!

எல்லாம் காற்றின் வேலை. டிசையரில் கண்ணாடி நன்றாகச் சரிந்து, பின்னால் டிக்கியும் நீண்டிருக்கிறது. கூரையைத் தாண்டி வரும் காற்று கண்ணாடியை ஒட்டியே ஓடி, துளிகளைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஸ்விஃப்ட் போன்றவற்றில் பின்பக்கம் நிமிர்ந்து நிற்பதால், காற்று கூரை விளிம்போடு விலகிப் போகிறது. பின்னால் காற்றழுத்தம் குறைந்து சுழல் உண்டாகிறது. டயர் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீரைக் கண்ணாடியில் அப்புவது அந்தச் சுழல்தான். அதைத் துடைக்கத்தான் வைப்பர்.

காய்ந்த கண்ணாடியில் அதை ஓட்டாதீர்கள், மண் கீறிவிடும். முதலில் தண்ணீர் பீய்ச்சுங்கள். விலை குறைந்த வகைகளில் பின் வைப்பர் இராது. ஈரத்துணி ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள்.

ஒன்று சொல்கிறேன், சகோதரிகளே. கண்ணாடி எவ்வளவு பளிச்சென்றிருந்தாலும், வண்டிக்குப் பின்னால் ஒட்டி நிற்கும் சின்னக் குழந்தை அதில் தெரியாது. ரிவர்ஸ் எடுக்குமுன் ஒரு தடவை பின்னால் போய்ப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.