பழைய வெர்ஷன் கன்ட்ரோல்: விடுவதா, வைத்துக்கொள்வதா?

தலைப்பைப் பார்த்ததும் "இது கம்ப்யூட்டர்காரன் சமாச்சாரம்" என்று மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் ட்ராயிங் ஷீட்டில் டைட்டில் பிளாக்கை ஒட்டித் திருத்தங்களை எழுத ஒரு கட்டம் இருக்குமே, எந்தத் தேதியில் யார் எதை மாற்றினார்கள் என்று? அதே வேலையை புரோகிராமுக்குச் செய்யும் மென்பொருள்தான் வெர்ஷன் கன்ட்ரோல். ஒரு வருஷம் முன்பு எழுதி அழித்த வரியைக்கூடத் திரும்ப எடுத்துக் கொடுக்கும். இது தெரியாமல்தான் நம்மில் பலர் பென்டிரைவில் "ஃபைனல்", "ஃபைனல் 2", "உண்மையான ஃபைனல்" என்று ஃபைல்களை அடுக்கி வைத்துக்கொண்டு திண்டாடுகிறோம்!

சரி, கணக்கு எழுதும் அந்த மென்பொருளுக்கே வயதாகிவிட்டால்? பழுது வந்தால் பார்க்க ஆளில்லை என்றால்? பழக்கத்துக்காக அதோடு கிடப்பதா, உதறிவிட்டுப் போவதா?

இந்தக் கேள்விக்கு நல்ல உதாரணம் ஈமேக்ஸ். க்னூ இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ல் வெளியிட்ட எடிட்டர் அது. இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் வரலாறு நீண்ட காலம் சி.வி.எஸ் என்ற மென்பொருளில் இருந்தது. 2009 கடைசியில் அதை விட்டு பஜாருக்கு மாறினார்கள். (கடைத்தெரு அல்ல, மென்பொருளின் பெயரே பஜார்தான்!) அதற்குள் லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதிய கிட் நன்றாகப் பரவியிருந்தது. இருந்தும் பஜாரை ஏன் எடுத்தார்கள்? உபுண்டுவை வெளியிடும் கெனானிக்கல் கம்பெனி வளர்த்த பஜார், 2008-ல் க்னூ குடும்பத்தில் சேர்ந்துவிட்டது. நம் வீட்டுப் பிள்ளையை நாமே ஆதரிக்காவிட்டால் வேறு யார் ஆதரிப்பார்கள் என்பது ஸ்டால்மனின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் என்னாச்சு? சில வருஷங்களில் கெனானிக்கல் தன் ஆட்களை வேறு வேலைகளுக்கு நகர்த்திவிட்டது. பஜாரில் பிழை இருக்கிறது என்று சொன்னால் கேட்க ஆளில்லை. ஈமேக்ஸ்காரர்களையே தொந்தரவு செய்த பிழைகூட நெடுநாள் தீராமல் கிடந்தது. 2014 ஜனவரியில் எரிக் ரேமண்ட் என்ற பழைய கை, பஜார் செத்துக்கொண்டிருக்கிறது, ஈமேக்ஸ் வெளியேற வேண்டும் என்று போட்டு உடைத்தார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று என்னை உலுக்கிவிட்டது. உள்ளே இருக்கிற பெரியவர்களுக்குப் பஜார் பழகிவிட்டது. அவர்களுக்குக் கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் புதிதாக வருகிறவனுக்குத்தான். வேறெங்கும் பயன்படாத ஒன்றைக் கற்றுக்கொண்டுதான் உள்ளே வர முடியும் என்றால், அவன் வாசலோடு திரும்பிப் போய்விடுவான்.

அட, அந்த வாசலில் நிற்கிறவன் நான்தானே! எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அண்ணன் இல்லை, மாமா இல்லை, "டேய், அதைப் படிக்காதே, இதைப் படி" என்று சொல்ல ஒருவரும் இல்லை. காலேஜில் எதைக் கற்றுக் கொடுக்கிறார்களோ அதுதான் உலகம் என்று நம்பி வருகிறோம். வசதியுள்ள பையன் பழைய கருவியைக் கற்றால் ஒரு மாதம் கோச்சிங் போய்ச் சரிசெய்து கொள்வான். நமக்கு அந்த ஒரு மாதமே பெரிய காசு.

அதற்காகப் பழசெல்லாம் குப்பை என்று சொல்கிற கட்சியிலும் நான் இல்லை. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "ரிப்பேருக்கு ஆளிருக்கா?" இல்லை என்றேன். "தறி பழசுங்கறது ஒரு குத்தமில்ல கண்ணு. ஃபிட்டர் வரலீன்னா அன்னைக்கே வித்துப்போடோணும்" என்றார். கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்க்காத மனுஷன் விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

ஓப்பன்பி.எஸ்.டி என்ற இயங்குதளம் இதற்குச் சரியான சாட்சி. அவர்கள் இன்னமும் சி.வி.எஸ்-ஸைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த சி.வி.எஸ்-ஸின் கடைசி வெளியீடு 2008-ல் வந்தது! ஆனால் அதைத் தங்கள் இயங்குதளத்துக்குள்ளேயே வைத்து, பழுதைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டிலேயே ஃபிட்டர் இருக்கிறார். அவர்களைக் கிண்டல் செய்ய நமக்கு யோக்கியதை கிடையாது.

இனி நம் லேபுக்கு வருவோம். பல வருஷத்து சீனியர்களின் ப்ராஜெக்டுகள் சப்வெர்ஷனில், ஒரே ஒரு பழைய மெஷினில் இருக்கின்றன. "சப்வெர்ஷன் செத்துப்போச்சு, தூக்கிப் போடு" என்கிறார்கள் சிலர். தப்பு. 2004-ல் முதல் பதிப்பு வந்த சப்வெர்ஷனை அப்பாச்சி அமைப்பு இன்றும் பராமரிக்கிறது. பராமரிப்பு இல்லாதது நம்மிடம்தான். அதை நிறுவிய சீனியர் போய்விட்டார், பாஸ்வேர்டு தெரிந்தவர் ஒருவர், பேக்கப் எடுப்பவர் பூஜ்யம். சப்வெர்ஷனில் முழு வரலாறும் சர்வரில் மட்டும்தான் இருக்கும். அந்த ஹார்டு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. கிட்டில் அப்படியில்லை. பிரதி எடுத்துக்கொண்டவர் ஒவ்வொருவரிடமும் வரலாறு முழுதாக இருக்கும். ஃபிட்டரை நம்ப முடியாத ஊரில் அதுதான் புத்திசாலித்தனம். ஆகவே மாற வேண்டும்.

எப்படி மாறுவது என்பதில்தான் எனக்கும் நண்பர்களுக்கும் சண்டை. "கடைசி ஃபைல்களை மட்டும் காப்பி பண்ணிப் புதுசா ஆரம்பிச்சிடலாம்டா, ஒரு மணி நேர வேலை" என்கிறார்கள். ஈமேக்ஸ்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. ஜனவரியில் எழுந்த பேச்சு, நவம்பரில்தான் கிட்டுக்கு வந்து முடிந்தது. ஏறக்குறைய முப்பது வருஷ வரலாற்றை ரேமண்ட் உட்கார்ந்து மாற்றினார். பழைய குறிப்புகளில் "இத்தனாம் நம்பர் திருத்தத்தைப் பார்" என்று இருந்தால், பஜாரின் அந்த நம்பருக்குக் கிட்டில் அர்த்தமே இருக்காது. அப்படிப்பட்ட இடங்களில் தேதியும் எழுதியவரின் அடையாளமும் வருமாறு செய்தார். எவ்வளவு பொறுமை வேண்டும்!

நாமும் வரலாற்றோடுதான் மாற வேண்டும். ஏனென்றால் அந்த மெஷினில் இருப்பது வெறும் புரோகிராம் இல்லை. நம்மைப் போல வீட்டில் முதலாவதாகப் படிக்க வந்த எத்தனையோ பேர் முதன்முதலாக எழுதிய வரிகள். கடைசி ஃபைலை மட்டும் எடுத்தால் வரிகள் இருக்கும், எழுதியவர் இருக்க மாட்டார்.

செய்வதற்கு வழியும் இருக்கிறது. சப்வெர்ஷன் லாகின் பெயரை மட்டும்தான் பதிந்து வைக்கும். கிட்டுக்கு முழுப் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். எந்த லாகின் யாருடையது என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டால் கருவி மீதியைப் பார்த்துக்கொள்ளும். உட்கார்ந்து எண்ணினேன், மொத்தம் 43 லாகின். அதில் 29 பேரைக் கண்டுபிடித்தாயிற்று. மீதி 14 பேர் "குரூப்3", "லேப்டூ" மாதிரிப் பெயர்களில் ஒளிந்திருக்கிறார்கள். பட்டியலை லேப் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன். உங்கள் ஊரில், உங்கள் தெருவில் நம் காலேஜில் படித்த அண்ணன், அக்கா யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். தெரிந்த பெயருக்கு நேராகப் பென்சிலால் எழுதி வைத்தால் போதும்.