மலிவுப் பொட்டணத்தின் மதிப்பு

பொருள்களைத் தொகுத்து வைத்து மகிழும் இயல்பு மாந்தரிடத்து யாண்டும் உளது. அவ்வியல்பு அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் கொண்ட வடிவங்களுள் ஒன்று, பேஸ்பால் ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளைச் சேர்த்தலாகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சிகரெட்டுப் பெட்டிகளுள் வைக்கப்பெற்று வெளிவந்த இவ்வட்டைகள், பின்னர்ச் சூயிங்கத்தோடு சேர்ந்து சிறுவர் கைகளை அடைந்தன. இன்று தனிப்பெரு வாணிகமாக வளர்ந்து நிற்கின்றன. அவ்வாணிகத்தின் கடைக்கோடியில் மிக எளிய பண்டம் ஒன்று உண்டு. எஞ்சிக் கிடந்த பழைய அட்டைகளையும், பிரிக்கப்படாத பழைய உறைகளையும் மொத்தமாக வாங்கிக் கலந்து, புதுப் பெட்டியில் இட்டுக் குறைந்த விலைக்கு விற்கும் மறுகட்டுப் பொட்டணமே அது. தேர்ந்த சேகரிப்பாளர் பலர் இதனைக் குப்பையென்று இகழ்வர். அவ்விகழ்ச்சி பொருந்துமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இப்பொட்டணம் மலிவாயிருத்தற்குக் காரணம் யாது? 1956ஆம் ஆண்டிற் பௌமன் நிறுவனத்தை விலைக்கு வாங்கியது முதல் 1980 வரை, டாப்ஸ் என்னும் நிறுவனமே இத்துறையில் ஏறத்தாழத் தனியாட்சி செலுத்திற்று. 1981இல் பிளீர், டான்ரஸ் என்பனவும், 1989இல் அப்பர் டெக் என்பதும் போட்டிக்கு எழுந்தன. பழைய அட்டைகள் பெருவிலை பெறுதலைக் கண்ட மக்கள், புதியனவும் அங்ஙனமே விலையேறும் எனக் கருதிப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டி வைத்தனர். நிறுவனங்களும் அவ்வாசைக்கு ஈடுகொடுத்து மிகப் பேரளவில் அச்சிட்டுத் தள்ளின. எல்லாரும் காத்து வைக்கும் பொருள் எங்ஙனம் அரிதாகும்? 1990களின் இடையில் அவ்வாசை தளர்ந்தது. அட்டைகளோ பண்டசாலைகளிலும் வீட்டு அறைகளிலும் குவிந்து கிடந்தன. அக்குவியலே இன்றைய பொட்டணங்களுக்கு ஊற்று.

இதற்கு மாறான செய்தி ஒன்றையும் நோக்குக. டாப்ஸ் 1952இல் வெளியிட்ட மிக்கி மேன்டிலின் அட்டை ஒன்று, 2022ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் 1 கோடியே 26 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அவ்வரிசையில் விற்காமல் எஞ்சியவற்றைப் பின்னர்ப் படகில் ஏற்றிக் கடலிற் கொட்டியதாக, அதனை உருவாக்கியவருள் ஒருவராகிய சை பெர்கர் கூறியுள்ளார். எறியப்பட்டமையால் அஃது அரிதாயிற்று. போற்றி வைக்கப்பட்டமையால் இஃது எளிதாயிற்று. ஆதலின் விலை என்பது அட்டையிலுள்ள ஆட்டக்காரனின் திறமையை மட்டும் அளப்பதன்று என்பது தெளிவு.

இனி, பொட்டணத்தை வெறுப்போர் கூற்றிலும் உண்மை உண்டு. பெட்டியின் மேற்புறத்திற் புகழ்மிக்க அட்டைகளின் படத்தைக் காட்டி, அவை உள்ளே இருத்தல் கூடும் என்ற நம்பிக்கையை ஊட்டி விற்பாரும் உளர். உதிரி அட்டைகளைத் தொகுத்துக் கட்டுவோர் அவற்றை முன்னரே பார்க்க வல்லவர். விலை மிக்கதொன்றைக் கண்டும் அதனைச் சில டாலர்ப் பெட்டியில் விட்டுவைப்பார் என எண்ணுதல் பேதைமை. பிரிக்கப்படாத உறையோ எனின், அது பெரும்பாலும் மிகுதியாக அச்சிட்ட ஆண்டுகளையே சார்ந்திருக்கும். அந்நம்பிக்கையை விலைக்கு வாங்குவோன் அட்டை சேர்ப்பவன் அல்லன், சூதாடுபவனுக்கு அணியனாகின்றான். அதிலும் கேடுறுவோர் சிறுவரே. நூறு அட்டைகளைப் புரட்டித் தேடியது கிடைக்காமையால் நூற்றையும் வீசியெறியும் சிறுவன், கையிலுள்ளதைக் காணும் கண்ணை இழக்கின்றான். ஆதலின் அரிய அட்டை எத்தனை பெட்டிக்கு ஒன்று வைக்கப்பட்டுள்ளது என்பதை, அதன் படத்தைப் போன்றே பெரிதாக அச்சிட வேண்டுவது விற்போர் கடன் என்பது எம் கருத்து.

எனினும், விற்போர் சிலரின் குற்றத்தைப் பண்டத்தின் மேல் ஏற்றுதல் முறையன்று. ஓய்வு நேரத்து இன்பத்திற்காகச் சேர்ப்போனுக்கு அப்பெட்டியுள் இருப்பவை யாவை? மரப்பலகையின் ஒப்பனைக் கரையோடு 1987இல் டாப்ஸ் வெளியிட்ட 792 அட்டைகளுட் சில கிடைக்கலாம். அவற்றுட் பெரும்பாலானவற்றின் பின்புறத்தே ஆட்டக்காரன் பிறந்த ஊர், ஆண்டுதோறும் அவன் ஆடிய ஆட்டத்தின் கணக்கு ஆகியன நுண்ணெழுத்திற் காணப்படும். மன்றத்திற் பெயர் பொறிக்கப்பெற்ற பெருவீரனுக்கும், ஓரிரு பருவம் ஆடி மறந்துபோனவனுக்கும் ஆங்கு ஒரே அளவான இடம் உண்டு. குழு வாரியாக அடுக்கலாம், ஆண்டு வாரியாக அடுக்கலாம், நண்பனோடு மாற்றிக்கொள்ளலாம், மூலை மடியுமோ என்று அஞ்சவேண்டுவதில்லை. பல இலட்சம் பெறும் அட்டையோ கெட்டிப் பிளாஸ்டிக் உறையுட் சிறைப்பட்டுக் காப்பறையில் உறங்குகின்றது. அதன் பின்புறத்தைப் படித்து மகிழ்வார் எத்துணையர்?

‘அப்பணத்தைக் கொண்டு, வேண்டிய ஆட்டக்காரனின் அட்டையையே தேர்ந்து வாங்கலாமே’ என்று ஒருவர் வினவலாம். வேண்டுவது இன்னதென்று அறிந்தோனுக்கு அதுவே தக்க வழி, மறுப்பாரில்லை. ஆயின், புதிதாகப் புகுவோன் தனக்கு வேண்டுவது யாது என்பதையே இன்னும் அறியான். எதிர்பாராத ஒரு முகத்தைக் கண்டு, ‘இவன் யார்?’ என வினவி, அவ்வினாவின் வழியே ஆட்டத்தின் வரலாற்றுள் நுழைவதற்கு, கலந்து கட்டிய பொட்டணமே நல்ல வாயில்.

ஆகவே, இதனை வாங்குவோர்க்கு அளவுகோல் ஒன்று போதும். ‘இதனுள் ஒரு டாலரேனும் பெறும் அட்டை ஒன்றும் இல்லையாயின், அப்பொழுதும் இதனைப் புரட்டி மகிழ்வேனா?’ என்று உறையைக் கிழிக்குமுன் தன்னைத்தானே கேட்டுக்கொள்க. ஆம் என்று நெஞ்சம் விடை கூறுமாயின், கொடுத்த விலை தகுந்ததே. இல்லை என்னுமாயின், பொட்டணத்தைக் கடையிலேயே விட்டு வருதல் நன்று.