கம்ப்யூட்டர் சண்டித்தனம் செய்தால்...

"எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மூன்று நாளாகக் கிளம்ப மாட்டேன் என்கிறது. பெண்ணின் கல்யாணப் படங்கள், பேரன் தவழ்ந்த படம், காலமான என் மாமியார் பேசிய பேச்சு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. கடைக்காரர், 'ஃபார்மட் பண்ணினால் சரியாகிவிடும்' என்கிறார். சரி என்று சொல்லிவிடலாமா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

வேண்டாம், சகோதரி! இப்போதைக்குச் சொல்லாதீர்கள். ஃபார்மட் என்பது சிலேட்டை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிற காரியம். அதன் பிறகு இயந்திரம் கிளம்பக்கூடும், வாஸ்தவம்தான். ஆனால் மாமியாரின் குரல்?

பீரோப் பூட்டு மக்கர் செய்தால், உள்ளே இருக்கும் பட்டுப் புடவை கிழிந்துபோய்விட்டது என்று யாராவது அழுவார்களா? கம்ப்யூட்டர் கிளம்பாதது வேறு; அதற்குள் இருப்பது அழிந்துபோவது வேறு. முதலாவது அடிக்கடி நடக்கும். இரண்டாவது பெரும்பாலும் அவசரப்பட்டு வைத்தியம் செய்வதால்தான் நடக்கிறது.

ஆகவே, எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று முதலில் கவனியுங்கள். பொத்தானை அமுக்கியதும் விளக்கு எரிகிறதா? விசிறி ஓடும் சத்தம் கேட்கிறதா? இரண்டும் இல்லையென்றால் மின்சாரம் உள்ளே போகவில்லை என்று பொருள். அதே பிளக்கில் ஒரு மேஜை விளக்கைச் செருகிப் பாருங்கள். மேஜைக் கம்ப்யூட்டராக இருந்தால் பெட்டியின் பின்பக்கத்தில், ஒயர் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது அணைந்துபோவது உண்டு. (இதற்காக வேலைக்காரம்மாளைக் கோபிக்க வேண்டாம்!) லாப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பொத்தானை அரை நிமிஷம் விடாமல் அமுக்கிப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகி, சற்றுப் பொறுத்து முயன்று பாருங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்து, பல லாப்டாப்புகள் இதிலேயே எழுந்துவிடுகின்றன.

இங்கே இரண்டு எச்சரிக்கை. லாப்டாப்பின் அடிப்பாகம் உப்பியிருந்தால் பாட்டரி வீங்கியிருக்கிறது. அமுக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், நேரே ரிப்பேருக்கு அனுப்புங்கள். மேஜைக் கம்ப்யூட்டரில் மின்சாரம் வழங்கும் தகரப் பெட்டியை யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும்.

விசிறி ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறதா? திரைக்குப் போகும் ஒயரைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள். 'பீப், பீப்' என்று சத்தம் வந்தால் சந்தோஷப்படுங்கள். குழந்தை எங்கே வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்கிறது! கம்ப்யூட்டர் விழித்ததும் முதலில் தன் அங்கங்களைத் தானே சோதித்துக்கொள்கிறது. ஏதாவது குறை கண்டால் இப்படிக் கூவும். எத்தனை கூவலுக்கு என்ன அர்த்தம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசப்படும். கூட வந்த புத்தகத்தில் இருக்கும். பல சமயங்களில் குற்றவாளி 'ராம்' என்கிற நினைவுப் பட்டைதான். நம் ஊர் ரிப்பேர்க்காரர்கள் அதைக் கழற்றி, பித்தளைபோல் மின்னும் ஓரத்தைப் பென்சில் ரப்பரால் மெள்ளத் துடைத்துத் திரும்பப் பொருத்துவார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையை உலோகச் சட்டத்தில் ஒரு தடவை தொட்டுவிட்டு, கைப்பக்குவம் உள்ளவர்கள் மேஜைக் கம்ப்யூட்டரில் இதை வீட்டிலேயே செய்யலாம். லாப்டாப்பில் கை வைக்காமலிருப்பது உத்தமம்.

இனி, நம்மை ரொம்பவும் மிரட்டுகிற ரகம்: கம்பெனியின் சின்னம் வருகிறது, புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன, அத்துடன் சரி. பயப்படாதீர்கள். சோதனைகள் முடிந்துவிட்டன, விண்டோஸைக் கூப்பிடுகிற இடத்தில்தான் தகராறு. செருகியிருக்கும் பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் முதலில் பிடுங்குங்கள். சில கம்ப்யூட்டர்கள் பென் டிரைவில் விண்டோஸைத் தேடிக்கொண்டு, பக்கத்து வீட்டில் பிள்ளையைத் தேடுகிற தாயாரைப்போல் நிற்கும். தேதி பல வருஷம் பின்னால் போய்விட்டதென்றால், உள்ளே பொத்தான் மாதிரி இருக்கும் 3 வோல்ட் பாட்டரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலும் 'சி.ஆர்.2032' என்று அதில் எழுதியிருக்கும், சொற்ப விலைதான்.

கிளம்பும்போதே இரண்டு மூன்று தடவை தடுக்கி விழுந்தால், விண்டோஸ் தானாகவே ஒரு நீலத் திரையில் வைத்தியப் பக்கத்தைக் காட்டும். அதில் 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்' முதல் மருந்து. அடுத்தது 'சேஃப் மோட்': அவசியமானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்புவது. வயிறு கெட்டவருக்குக் கஞ்சி கொடுக்கிற மாதிரி.

இதன் மகிமையை உலகமே ஒரு நாள் பார்த்தது. 2024 ஜூலை 19-ந் தேதி, கிரௌட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய பிழையான ஒரு ஃபைலினால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் எழுந்திருக்காமல் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்! வைத்தியம் என்ன தெரியுமா? சேஃப் மோடில் கிளப்பி, அந்த ஒரு ஃபைலை நீக்கியதுதான். ஃபார்மட் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

வைத்தியப் பக்கத்தில் 48 இலக்கச் சாவி ஒன்றைக் கேட்டால் திகைக்காதீர்கள். புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் அந்தச் சாவி இருக்கும், போனிலிருந்தே பார்க்கலாம். அது இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரராலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடும் வீட்டுக்காரர்கள் இன்றைக்கே அதைப் பார்த்து, பால் கணக்கு நோட்டிலாவது எழுதி வையுங்கள்.

அதே பக்கத்தில் 'ரீசெட்' என்று ஒன்று வரும். 'கீப் மை ஃபைல்ஸ்', 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று இரண்டு வழி கேட்கும். முதலாவதில் உங்கள் படங்கள் தங்கும், புரோகிராம்கள் போகும். இரண்டாவதில் சர்வமும் போய்விடும். படங்களுக்கு வேறு பிரதி இல்லாதவர்கள் முதலாவதையும்கூட அவசரப்பட்டுத் தொட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். டிஸ்கைக் கழற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, வேண்டியதை நகல் எடுத்துவிட்ட பிறகு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். டிஸ்கைக் கழற்ற முடியாத சில லாப்டாப்புகளில், பென் டிரைவிலிருந்து வேறு சிஸ்டத்தைக் கிளப்பி நகல் எடுக்க வழி உண்டு. கடைக்காரருக்கு இதெல்லாம் தெரியாததல்ல. நேரம் பிடிக்கும் என்பதால் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்றுக்குப் பொறுமை கூடாது. பழைய மாதிரி ஹார்ட் டிஸ்கிலிருந்து 'டிக், டிக்' என்று தட்டுகிற சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். "இன்னொரு தரம் போட்டுப் பார்க்கலாமே" என்று வீட்டுப் பிள்ளைகள் சொல்வார்கள். விடாதீர்கள், ஒவ்வொரு தரமும் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் கீறிப்போகலாம். தகவல் மீட்பதற்கென்றே இருக்கும் நிபுணரிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும். செலவு அதிகம் ஆகும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் கொடுக்கும்போது, "என்னைக் கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். புது டிஸ்க் போட்டால் பழையதைத் திருப்பிக் கேளுங்கள். அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல், பாத்திரக் கணக்கில் சேர்க்காமல், ஒரு டப்பாவில் பத்திரப்படுத்தி, அதன்மேல் தேதி எழுதி ஒட்டிவையுங்கள்.