ஆறு நாள்ல இலங்கையா?

"அஞ்சு ராத்திரி, ஆறு நாள். எல்லாம் கவர் ஆயிடும் சார்" என்றார் டிராவல்ஸ்காரர். வேளச்சேரி விஜயநகர் பக்கம் ஒரு மாடிப்படி ஏறிப் போய் அரை மணி உட்கார்ந்ததுக்குக் கிடைச்ச பிளான் இது: கொழும்பு, பெந்தோட்டை பீச், கண்டி, நுவரெலியா, ஒரு மசாலாத் தோட்டம், ஒரு ரத்தினக்கல் கடை. (கடைசி ஐட்டத்தைப் பார்த்ததும் தங்கமணி முகத்தில் தனி ஒளி!)

"பொலன்னறுவை?"

"அங்க வெறும் இடிஞ்ச செங்கல்தான் சார். ஃபேமிலிக்கு போரடிக்கும்."

சுருக்குன்னுச்சு. எங்கப்பா இலங்கை போகணும்னு ஆசைப்படறதே அந்த இடிஞ்ச செங்கல்லுக்காகத்தான்.

பொலன்னறுவை என்ன சாதாரண ஊரா? 993 வாக்கில் ராஜராஜனின் படை இலங்கைக்குப் போனதுக்கு அப்புறம் சோழர்களுக்கு அதுதான் தலைநகரம். ஜனநாதமங்கலம்னு பேர் வேற வெச்சாங்க. வானவன் மாதேவி ஈஸ்வரம்னு ஒரு சிவன் கோவில் இன்னிக்கும் நிக்குது, முழுக்கக் கல்லுல. சுத்தி இருக்கறதெல்லாம் பெரும்பாலும் செங்கல் கட்டடம், நடுவுல இது மட்டும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தூக்கிட்டு வந்து வெச்ச மாதிரி. சுவர்ல தமிழ்க் கல்வெட்டு உண்டு.

ஆனா இங்கதான் அப்பாவுக்கும் எனக்கும் வாய்த்தகராறு. அவருக்கு அது "நம்மாளு ஆண்ட ஊர்". எனக்கு அந்தப் பெருமையோட மட்டும் போய் நிக்கத் தயக்கம். நாம வெற்றின்னு படிச்சதை அவங்க வேற மாதிரி எழுதி வெச்சிருக்காங்க. அனுராதபுரம் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் தலைநகரா இருந்த ஊர். சோழப்படை வந்த பிறகு அந்த அந்தஸ்து அதுக்குத் திரும்பவே இல்ல. ராஜேந்திரன் காலத்துல விகாரைகளைக் கொள்ளையடிச்சதா அவங்க வரலாறு சொல்லுது. ராஜா அஞ்சாம் மகிந்தனைப் பிடிச்சு இந்தக் கரைக்குக் கொண்டு வந்தாங்க, அவர் இங்கேயே செத்தும் போனார். 1070ல முதலாம் விஜயபாகு சோழர்களை விரட்டினது அவங்களுக்கு விடுதலை.

இதுல ஒரு ட்விஸ்ட் இருக்கு. சோழர் போன பின்னாடி, புத்தரோட பல் இருந்த கோவிலுக்கு நாங்க காவல்னு வேளைக்காரப் படை அதே ஊர்ல ஒரு கல்வெட்டு வெச்சிருக்கு. எந்த மொழியில? தமிழ்ல! அப்பாவை முதல்ல அந்தக் கல்லு முன்னாடிதான் நிறுத்தப் போறேன்.

அடுத்தது யாழ்ப்பாணம். இதுல எனக்குப் பதில் தெரியாத கேள்வி ஒண்ணு. சுமார் 97,000 புத்தகங்களோட 1981ல எரிக்கப்பட்ட நூலகத்தை நான் டூரிஸ்டா போய் எப்படிப் பார்க்கிறது? ஆனையிறவு, கிளிநொச்சி வழியா ஏசி வேன்ல முறுக்கு கொறிச்சிக்கிட்டே போறதா? 2009 வரைக்கும் அங்க நடந்ததை இங்க சீரியலுக்கு நடுவுல நியூஸா பார்த்தவங்க நாம. அதுக்காகப் போகாம இருக்கறதும் சரியாப் படல. கண்டி வரைக்கும் போய்ட்டு வடக்குப் பக்கமே திரும்பாம வர்றதுதான் இன்னும் மோசம். சென்னையிலிருந்து நேரா பலாலிக்கே விமானம் இருக்கு, ஒரு மணி நேரத்துச் சொச்சம்தான். திருப்பதி போறதுக்கே அதைவிட நேரமாகும்.

அதனால பேக்கேஜைத் தூக்கிக் கடாசிட்டேன். வடக்கே இறங்கி யாழ்ப்பாணத்துல மூணு ராத்திரி, அனுராதபுரத்துல ரெண்டு, பொலன்னறுவையில ரெண்டு, அப்புறம் கண்டி. பீச் கட். (நமக்குத்தான் பெசன்ட் நகர் இருக்கே!) சிகிரியா ஆயிரத்துக்கு மேல படி, அப்பா முட்டிக்குத் தாங்காது. கீழ இருந்தே கும்பிடு.

எப்பப் போறதுன்னு கேட்டா ஈஸியான கணக்கு ஒண்ணு வெச்சிருக்கேன். வேளச்சேரியில கார்களை மேம்பாலத்து மேல ஏத்தி நிறுத்தற மாசத்துல அந்தப் பக்கமும் போகாதீங்க. அதே வடகிழக்குப் பருவமழைதான் அங்கேயும். நாங்க ஜூலைன்னு வெச்சிருக்கோம். வெயில் இருக்கும், ஆனா நமக்கென்ன புதுசா?

ரத்தினக்கல் கடை பத்தி இன்னும் தங்கமணிகிட்ட சொல்லல. அப்பா மட்டும் தண்டீஸ்வரர் கோவில்ல தினம் பத்து சுத்து சுத்தி நடந்து பழகறார்.