அஞ்சலில் வந்த கனிப்பெட்டி

அமெரிக்க நாட்டில் அறுபது அகவையைக் கடந்தவர்களிடம் அவர்தம் சிறுவயதுக் கிறிஸ்து பிறப்பு விழாவைப் பற்றிக் கேட்டால், மரத்தையும் விளக்குகளையும் சொல்லி முடித்தபின், பலர் ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்குவர். டிசம்பர்த் திங்களில் அஞ்சலில் வந்து சேர்ந்த பழப்பெட்டி அது. தொலைவில் வாழ்ந்த பாட்டனாரோ, மணமுடித்து வேறு மாநிலம் சென்ற அத்தையோ, தந்தையாருடன் வாணிகத் தொடர்பு கொண்டிருந்த நிறுவனமோ அனுப்பியிருக்கும். அவ்வாண்டு கிடைத்த பொம்மை எது என்பதை மறந்துவிட்டவர்களும், பெட்டியைத் திறந்தபோது எழுந்த மணத்தை மறப்பதில்லை. அங்காடியில் வாங்கிய பழத்தை யாரும் நாற்பது ஆண்டுகள் நினைவில் வைத்திருப்பதில்லையே. இப்பெட்டிக்கு மட்டும் இத்துணை நீண்ட வாழ்வு எங்ஙனம் வாய்த்தது? இத்திங்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

முதலில் நன்றி பெறவேண்டியது அஞ்சல் துறை. 1913ஆம் ஆண்டு தொடங்கும் வரை அந்நாட்டு அஞ்சல் துறை, நான்கு பவுண்டுக்கு மேற்பட்ட எடையுள்ள உள்நாட்டுச் சிப்பங்களை ஏற்றதில்லை. கனமான பொருள்களைத் தனியார் நிறுவனங்களே எடுத்துச் சென்றன. ஊர்ப்புறத்தார் புகைவண்டி நிலையத்திற்கு வண்டி கட்டிச் சென்று அவற்றைப் பெற்றுவரவேண்டும். 1913 ஜனவரி முதல் நாள் பார்சல் அஞ்சல் தொடங்கிற்று. அதன்பின் கடிதம் கொண்டுவந்த அதே மனிதர் பெட்டியையும் கொண்டுவந்தார். வெயில் காயும் மாநிலத்தில் பறித்த கனி, பனி மூடிய மாநிலத்தின் வீட்டு வாயிலுக்கு வர வழி பிறந்தது.

அவ்வழியில் பெரும்புகழ் பெற்றவர்கள் ஓரிகன் மாநிலத்தின் உடன்பிறப்புகள் இருவர். சியாட்டில் நகர வணிகரான சாமுவேல் ரோசன்பர்க் என்பவர், 1910ஆம் ஆண்டில் தமக்குரிய சொரெண்டோ என்னும் உயர்தர விடுதியைக் கொடுத்து, அதற்கு ஈடாக மெட்போர்டு நகரை அடுத்த ரோக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 240 ஏக்கர் பேரித் தோட்டத்தைப் பெற்றார். விடுதியைக் கொடுத்து மரங்களை வாங்கும் துணிவு எல்லாருக்கும் வருவதன்று! அவருடைய மைந்தர்களான ஹாரியும் டேவிட்டும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்றவர்கள். தந்தையாருக்குப்பின் தோட்டப் பொறுப்பை ஏற்றனர். 1920களில் அவர்களுடைய பழங்கள் ஐரோப்பாவின் பெரிய விடுதிகளுக்குச் சென்றன. 1929இல் பொருளாதாரம் சரிந்தது; விடுதிகளின் வாணிகமும் சரிந்தது. மரங்களுக்கோ பொருளாதாரம் தெரியாது. அவை வழக்கம்போல் காய்த்தன. விற்க இடமின்றித் தவித்த உடன்பிறப்புகள், 1934ஆம் ஆண்டில் பழங்களைப் பரிசுப் பெட்டிகளாக அஞ்சலில் அனுப்பும் முயற்சியைத் தொடங்கினர். மாதிரிப் பெட்டிகளைக் கடிதத்துடன் நியூயார்க் நகரப் பெருநிறுவனத் தலைவர்களிடம் சேர்ப்பித்து வாணிகத்தை வளர்த்தனர். திங்கள்தோறும் ஒரு வகைப் பழம் அனுப்பும் திட்டமும் அப்பத்தாண்டு முடிவதற்குள் வந்துவிட்டது.

பாட்டியின் அன்புக்கு அடையாளமாகிவிட்ட பெட்டி, செல்வர்கள் தம் வாடிக்கையாளருக்கு அனுப்பும் பொருட்டு எண்ணப்பட்டதென்பது வேடிக்கையே. இதனால் அதன் மதிப்புக் குறைந்துவிட்டதாக நாம் கருதவில்லை. வணிகர் கையிலிருந்து புறப்பட்ட பொருளைக் குடும்பங்கள் தமதாக்கிக்கொள்வது உலகில் புதிதன்று.

அப்பெட்டியில் வந்த பேரியைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். கொடைக்கானல் மலையில் நாம் வாங்கிக் கடித்துத் தின்னும் கடினமான பேரிக்காய் அன்று அது. பிரெஞ்சு நாட்டின் ஆன்ஜே நகரத் தோட்டத்தில் 1849ஆம் ஆண்டளவில் முதன்முதலாகக் கனிந்த கோமிஸ் என்னும் வகை. பருத்த அடியும் குட்டையான கழுத்தும் கொண்டது. கனிந்தபின் கத்தியை விடக் கரண்டியே அதற்கு ஏற்றது. சாறு முழங்கை வரை வழியும். தோலோ மிக மெல்லியது. சற்று உரசினாலும் கறுத்துவிடும். ஆதலால் ஒவ்வொரு பழத்தையும் கையால் எடுத்து, மெல்லிய தாளில் பொதிந்து, மெத்தென்ற படுக்கையில் அடுக்கவேண்டும்.

இதனினும் வியப்பானது, பேரி மரத்திலேயே பழுக்க விடத்தக்கதன்று என்பது. மரத்தில் விட்டால் உள்ளிருந்து வெளிநோக்கிப் பழுத்து, மேற்புறம் நன்றாயிருக்கும்போதே நடுப்பகுதி குழைந்து பழுப்பேறிவிடும். முற்றியும் பச்சையாக உள்ள நிலையில், ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் பறித்து, நீர் உறையும் நிலையை ஒட்டிய குளிரில் ஏறத்தாழ ஒரு திங்களேனும் வைக்கவேண்டும். அக்குளிரைத் தாங்கிய பின்னரே, வெளியே எடுத்து வைத்தால் ஒழுங்காகக் கனியும். கோடையின் முடிவில் பறித்த கனி கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு உகந்த பரிசானதன் காரணம் இதுவே. வணிகரின் திறமை பாதி. கனியின் இயல்பு பாதி.

வீட்டிற்கு வந்தபின்னும் காத்திருக்கவேண்டும். பெட்டி வந்த அன்றே கடித்துவிட்ட சிறுவனுக்கு ஏமாற்றமே மிஞ்சும். அடுக்களை மேடையில் பழங்களைப் பரப்பி, நாள்தோறும் ஒவ்வொன்றின் கழுத்தருகே பெருவிரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பாள் தாய். கழுத்து சற்றே இளகினால் உள்ளே கனிந்துவிட்டது என்று பொருள். உடல் முழுதும் இளகும் வரை பொறுத்தால் காலம் கடந்துவிடும். பெட்டிக்கு ஒரு பழத்தை மட்டும் பொன்னிறத் தாளில் சுற்றி வைப்பது அந்நிறுவனத்தின் வழக்கம். சுவையில் அது மற்றவற்றினின்று வேறுபட்டதன்று. ஆயினும் அது யாருக்கு என்னும் வழக்கு, பிள்ளைகள் பலருள்ள வீட்டில் எளிதில் தீர்வதில்லை என்பதை நம் இல்லத்தரசிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பேரிக்கு முன்னரே அந்நாட்டு விழாவில் இடம்பெற்ற கனி ஆரஞ்சு. விழா இரவில் பிள்ளைகள் தொங்கவிடும் காலுறையின் நுனியில் ஓர் ஆரஞ்சு வைப்பது பழைய வழக்கம். வறிய தந்தையொருவரின் மூன்று பெண்மக்களுக்கு மணப்பொருளாகப் புனித நிக்கோலாஸ் இரவில் மறைவாகப் போட்ட பொன்முடிப்புகளை இது நினைவூட்டுவதாகச் சிலர் கூறுவர். ஓவியர்களும் அப்புனிதரை மூன்று பொன்னுருண்டைகளுடன் வரைவதுண்டு. பனிநாட்டுக் குழந்தைக்கு நடுக்குளிர் காலத்தில் ஆரஞ்சு உண்மையில் பொன்னாகவே இருந்தது. புளோரிடாவுக்கு ஓய்வுக்குச் சென்றவர்கள் சாலையோரப் பழக்கடைகளில் பணம் செலுத்தி, வடக்கே பனியில் உள்ள உறவினர் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு வருவர். உழவுக்கல்வி பயிலும் பள்ளி மாணவர் மன்றங்கள் ஆரஞ்சுப் பெட்டிகளுக்கு வீடுவீடாகச் சென்று முன்பதிவு பெற்று நிதி திரட்டும் வழக்கமும் உண்டு.

பழங்களை விடப் பெயர்களே இப்பெட்டியின் உயிர் என்பது நம் எண்ணம். பரிசுப் பெட்டி அனுப்பும் நிறுவனங்கள், சென்ற ஆண்டு யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்ற பட்டியலை வாடிக்கையாளருக்கு மீண்டும் அனுப்பிவைப்பது வழக்கம். இலையுதிர் காலத்தில் அத்தாள் வந்ததும் குடும்பத் தலைவி அதனை மேசைமீது விரித்து எழுதுகோலுடன் அமர்வாள். வீடு மாறியவரின் முகவரியைத் திருத்தவேண்டும். புதிதாக மணமானவரைச் சேர்க்கவேண்டும். மனத்தாங்கலால் பேசாதிருக்கும் உடன்பிறந்தானுக்கு இவ்வாண்டும் அனுப்புவதா என்று முடிவு செய்யவேண்டும். மடல் எழுதினால் என்ன எழுதுவது என்ற தயக்கம் உண்டு. பழம் அனுப்புவதற்கு அத்தயக்கம் இல்லை. மறைந்துவிட்ட ஒருவரின் பெயர்மேல் கோடிடுவதே எல்லாவற்றினும் கடினம். வணிகர் தம் விற்பனைக்காக அச்சிட்ட தாள் அது. ஆயினும் தாய்தந்தையர் எவரையெல்லாம் தமக்குரியவராகக் கருதினர் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிய ஏடாகவும் அது விளங்கிற்று.

இந்நினைவுகளில் பெரும்பாலும் இடம்பெறாதவர்கள் உண்டு. அவர்கள் ஏணியில் ஏறிப் பறித்தவர்களும், மேசையருகே நின்று பொதிந்தவர்களும் ஆவர். 1960ஆம் ஆண்டு நன்றி நாளுக்கு மறுநாள் மாலையில் எட்வர்டு மர்ரோ என்னும் செய்தியாளர், புளோரிடாவில் தொடங்கி மாநிலந்தோறும் அலைந்து காயும் கனியும் பறித்த தொழிலாளரின் இழிநிலையைத் தொலைக்காட்சியில் காட்டினார். “அறுவடையின் அவமானம்” என்று அதற்குப் பெயர். முதல் நாள் விருந்துண்ட நாடு மறுநாள் அதனைக் கண்டு திடுக்கிட்டது. விழாக்காலப் பெட்டிகளும் புறப்படத் தொடங்கும் பருவம் அதுவே. பாட்டியின் பெட்டியை நினைப்பவர் இவர்களையும் நினைத்தல் முறையென்று நாம் கருதுகிறோம்.

ஆரஞ்சுப் பெட்டிகள் அருகிவிட்டதன் கதை துயரமானது. 1983 டிசம்பர், 1985 ஜனவரி, 1989 டிசம்பர் ஆகிய காலங்களில் வீசிய கடுங்குளிர் நடுப்புளோரிடாவின் தோட்டங்களைக் கருக்கியது. பல தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. 2005ஆம் ஆண்டில், சிறு பூச்சியொன்றால் பரவி மரத்தை உள்ளிருந்து வாட்டும் பசுமையாக்க நோய் அம்மாநிலத்தில் கண்டறியப்பட்டது. முற்றக் குணப்படுத்தும் மருந்தில்லை. 2003–04 பருவத்தில், 90 பவுண்டு கொண்ட பெட்டிக் கணக்கில் 24 கோடிக்கு மேல் ஆரஞ்சு விளைந்த மாநிலத்தில், 2023–24இல் 2 கோடிப் பெட்டியும் விளையவில்லை. அறுவடையில் பெரும்பகுதி சாறு பிழிவதற்கே செல்வதாயினும், பரிசுப் பழம் விற்ற குடும்பத் தோட்டங்களும் இவ்வடிக்குத் தப்பவில்லை.

பேரித் தோட்டத்தாரின் நிறுவனத்திற்கும் இடர்கள் வந்தன. 2011இல் அது கடன் சுமையால் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. 2014இல் மலர் அனுப்பும் பெருநிறுவனமொன்று அதனை விலைக்கு வாங்கிற்று. 2020இல் அதன் கடைகளுள் மெட்போர்டில் உள்ளது நீங்கலாக மற்றவை மூடப்பட்டன. அதற்கு நெடுநாள் முன்னரே பேரங்காடிகளில் சிலி நாட்டுக் கனிகள் பனிக்காலத்தில் குவியத் தொடங்கியிருந்தன. டிசம்பரில் பழம் என்பது அதிசயமாக இருந்த காலம் மறைந்தது.

அஞ்சல்வழி வாணிகம் மட்டும் இன்னும் நின்றுவிடவில்லை. எழுதுகோலால் திருத்திய பட்டியல் இப்போது கணினித் திரையில் வருகிறது. பெயரை நீக்க ஒரு விரல் அசைவு போதும். பேரிக்கு இவ்விரைவு எதுவும் பழகவில்லை. செப்டம்பரில் பறித்து, குளிரில் கிடத்தி, டிசம்பரில் வீடு சேர்ந்தபின்னும், அடுக்களை மேடையில் சில நாள் கிடந்தே அது கழுத்தளவில் இளகுகிறது.