நோய்க்குப்பின் இளைப்பாறல்

இலண்டன்வாழ் பழைய மாணவர் சிலர், நோய் நீங்கியபின் பழைய உடைகளைத் தேடி வாங்குவதிலும், வெப்பமூட்டிய அறையில் யோகாசனம் பயில்வதிலும் இளைப்பாறுகின்றனராம். முன்னதை நாம் குறைகூறோம். போட்டபெல்லோ வீதிச் சந்தையிலே பாட்டன் காலத்துக் கோட்டொன்றைத் தேடி மெல்ல நடப்பது மெலிந்த காலுக்கும் சோர்ந்த மனத்துக்கும் நன்று. (துவைத்த பின்னரே அணிக!)

பின்னதே நம்மை அஞ்சச் செய்கிறது. கல்கத்தாவிற் பிறந்த பிக்ரம் சௌத்ரி 1970களில் அமெரிக்காவிற் பரப்பிய முறை அது: ஏறத்தாழ 40 பாகை செல்சியசு வெப்பத்தில், 90 நிமிடங்களில், 26 பயிற்சிகள். குளிர்நாட்டிற் சுகமுள்ளோர்க்கு இதமாகலாம். பள்ளிவாசல்துறையிலோ வெயில் காசின்றியே கிடைக்கிறது. 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் பதிவாயிற்று. அத்தகைய காய்ச்சலில் நீர்வற்றித் தேறும் உடலை மீண்டும் வியர்க்கவைத்தல் தகுமோ? மாணவர்காள், மருத்துவர் இசைந்தபின், விடியற் கடற்காற்றிலே சவாசனத்துடன் தொடங்குங்கள். முதல் வாரத்துக்கு அதுவே போதும்.